குட்டையான, கைவித்தை தெரிந்த ஹாக்கிப் பையன் பெரிய லீகுக்குத் தயாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது ஐஸ் ஹாக்கி பற்றியது. நான் மான்ட்ரியலில் இருக்கிறேன். இங்கே பெரிய லீகான என்.எச்.எல்.லில் ஆடும் கனேடியன்ஸ் அணியைப் பற்றி ஒரு வார்த்தை காதில் விழாமல் பஸ் நிறுத்தத்தில்கூட நிற்க முடியாது. டிராஃப்ட்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், ஒரு குட்டையான, திறமையான பையனை எடுத்துவிட்டால் போதும், "இவன் பெரிய ஆட்களோடு ஆடத் தாங்குவானா?" என்ற பேச்சு வருஷக்கணக்கில் ஓடும். லேன் ஹட்சன் விஷயத்தில் அது இரண்டு வருஷம் ஓடியது. ஹாக்கிக்குப் புதிதாக வந்த தமிழ் நண்பர்களும், பிள்ளைகளை ஐஸ் ரிங்குக்குக் கூட்டிப்போகும் பெற்றோரும் என்னிடம் கேட்டதையெல்லாம் சேர்த்து, பெரும்பாலும் ஹட்சனை வைத்தே இங்கே பதில் எழுதுகிறேன்.

யார் இந்த ஹட்சன்?

அமெரிக்கர், 2004 பிப்ரவரியில் பிறந்தவர், டிஃபென்ஸ்மேன், அதாவது தடுப்பு ஆட்டக்காரர். 2022 டிராஃப்ட் மான்ட்ரியலில், கனேடியன்ஸ் ஆடும் பெல் சென்டரிலேயே நடந்தது. கனேடியன்ஸ் முதல் ஆளாக யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை எடுத்தார்கள். 6 அடி 3 அங்குல உயரமுள்ள ஸ்லோவாக்கியப் பையன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேரை எடுத்தார்கள். ஹட்சன் பெயரை 62ஆவதாகத்தான் கூப்பிட்டார்கள். அதாவது மற்ற அணிகள் மட்டுமில்லை, கனேடியன்ஸே மூன்று முறை வேறு பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அவரிடம் வந்தார்கள். ஆட்டத்தில் குறை இருந்து இவ்வளவு கீழே போகவில்லை. அவருடைய உயரம் 5 அடி 9 அங்குலத்தை எட்டுமா எட்டாதா என்பதே சந்தேகமாக இருந்தது, எடையும் மிகக் குறைவு.

டிராஃப்ட்டுக்கு முன்னால் அணிகள் பையன்களை வரவழைத்து அளந்து, எடை பார்த்து, நேர்காணல் செய்வார்கள். அந்த நேர்காணலுக்கு ஹட்சன் ஒரு டாக்டர் சீட்டோடு போனார். இன்னும் வளர வாய்ப்பிருக்கிறது என்று ஹார்மோன் மருத்துவர் எழுதித் தந்த சீட்டு. பதினெட்டு வயசுப் பையன், உலகத்திலேயே தன் வயசில் பக்கை (ஐஸில் அடித்து ஆடும் ரப்பர் வட்டை) இவ்வளவு அழகாக ஆளத் தெரிந்த சிலரில் ஒருவன், நான் இன்னும் வளருவேன் என்று காகிதத்தை நீட்ட வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

'தயார்' என்று எதைச் சொல்கிறார்கள்?

ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். உடம்பு தாங்குமா என்று சிலர், வேகம் போதுமா என்று சிலர், பக் இல்லாத நேரத்தில் சரியான இடத்தில் நிற்கத் தெரியுமா என்று சிலர். எல்லாம் நியாயமான கேள்விதான். ஆனால் பல வருஷம் பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு: தயாராக இருப்பது பாதி பையனிடம், பாதி பெஞ்சில், அதாவது கோச்சின் கையில். அவன் எந்த வரிசையில் (ஒன்றாக ஐஸில் இறங்கும் குழுவில்) ஆடுகிறான், பவர் பிளேயில் (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரத்தில்) இடம் கொடுக்கிறார்களா, ஒரு தப்பு செய்தால் அடுத்த ஷிஃப்ட்டில் (ஐஸில் இறங்கும் அடுத்த முறையில்) மறுபடி அனுப்புகிறார்களா இல்லை ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாவது பீரியட் முழுக்க உட்கார வைக்கிறார்களா, இதெல்லாம் சேர்ந்துதான் அவன் தயாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. பெரிய உடம்புக்காரப் பையனுக்குப் பெஞ்சின் பொறுமை தானாகவே கிடைத்துவிடும். குட்டையான பையன் அதையும் சம்பாதிக்க வேண்டும். இது காற்றில் சொன்னதில்லை. காஃபீல்ட் பற்றிய பதிலைக் கீழே பாருங்கள்.

இடித்தால் உடைந்துபோக மாட்டானா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். பயம் வருவது இயல்பு. 5 அடி 9 அங்குலப் பையன் மூலையில் பக்கை எடுக்கப் போகும்போது, பின்னால் 6 அடி 4 அங்குல ஆள் முழு வேகத்தில் வருவதைப் பார்த்தால் நமக்கே தோள் வலிக்கும்.

நான் ஒருமுறை மூலைக் கண்ணாடிக்கு நான்கைந்து வரிசை பின்னால் உட்கார்ந்து ஹட்சனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக் ரிங்கைச் சுற்றியுள்ள பலகையில் பட்டு மூலைக்கு உருண்டு வருகிறது, அவர் அதன் பின்னால் போகிறார். போகிற அந்தச் சில நொடிகளில் இரண்டு தடவை தலையைத் திருப்பித் தோளுக்கு மேலே பார்த்தார். முதல் பார்வையில் யார் துரத்துகிறார் என்று தெரிந்துகொண்டார். இரண்டாவது பார்வையில் அந்த ஆளின் ஸ்டிக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். பக்கைத் தொடுவதற்கு ஒரு அடி முன்பே இடது தோளைத் தாழ்த்தி இடது பக்கம் திரும்புவதுபோல் காட்டினார். துரத்தியவர் எடை முழுக்க அந்தக் காலுக்குப் போனது. ஹட்சன் குதிகால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி காலை விரித்து, வலது பக்கமாக நழுவி வெளியே வந்துவிட்டார். வந்தவர் மோதியது வெறும் பலகையில். அந்தச் சத்தம் எங்கள் வரிசை வரைக்கும் அதிர்ந்தது.

குட்டையான ஆள் பிழைப்பது இப்படித்தான். இடியைத் தாங்கி இல்லை, இடி வரும்போது அங்கே இல்லாமல் இருந்து. அதனால் "இடித்தால் என்ன ஆவான்" என்பதைவிட "இடிக்க விடுவானா" என்று கேட்பது நல்லது. எல்லா இடியிலிருந்தும் தப்ப முடியாதுதான், ஆண்டுக்கு எண்பதுக்கு மேல் ஆட்டம் ஆடும் லீகில் நாலு இடி விழத்தான் செய்யும். ஆனால் முதல் பெரிய சீசனில் ஹட்சன் 82 ஆட்டத்திலும் ஆடினார், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

காலேஜிலும் ஜூனியரிலும் இவ்வளவு பாயிண்ட் எடுத்திருக்கிறானே, அது போதாதா?

போதாது. வேண்டியதுதான், ஆனால் அது மட்டும் போதாது. (பாயிண்ட் என்றால் ஒருவர் போட்ட கோலும், அடுத்தவர் கோலுக்கு வழிசெய்த பாஸான அசிஸ்ட்டும் சேர்ந்த கணக்கு.)

ஜோர்டன் ஷ்ரோடர் என்று ஒரு ஃபார்வர்ட், அதாவது முன்னால் நின்று கோலுக்குப் போகும் ஆட்டக்காரர், இருந்தார். உலக ஜூனியர் போட்டிகளில் அமெரிக்காவுக்காக 27 பாயிண்ட் எடுத்து அந்த நாட்டின் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றினவர். 2009இல் வான்கூவர் அணி அவரை முதல் சுற்றில், 22ஆவதாக எடுத்தது. உயரம் 5 அடி 9 அங்குலத்துக்குள். எல்லாத் திறமையும் இருந்தது. ஆனாலும் என்.எச்.எல்.லில் 200 ஆட்டத்தைக்கூட அவர் எட்டவில்லை. அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, 200 ஆட்டத்துக்குப் பக்கத்தில் வருவதே லட்சத்தில் ஒருவருக்குக் கிடைப்பது. தன் வயசுப் பையன்களுக்கு எதிராக எடுத்த பாயிண்ட் எத்தனை என்பதைவிட, அதை எப்படி எடுத்தான் என்பதுதான் முக்கியம் என்று சொல்ல வருகிறேன்.

ஜூனியரில் ஒரு வேகமான பையன் நடுக்கோட்டில் பக்கை எடுத்துக்கொண்டு இரண்டு பேரைச் சுற்றிப் போய் கோல் போட்டுவிடலாம், ஏனென்றால் அந்த இரண்டு பேருக்கும் பதினேழு வயசு, அடுத்த வாரம் கணக்குப் பரீட்சை. பெரிய லீகில் அந்த இடைவெளி இரண்டு தப்படிக்குள் மூடிவிடும். அங்கே செல்லுபடியாவது, இறுகிப்போன இடத்தில் பக்கை வைத்துக்கொண்டு இன்னும் அரை நொடி சம்பாதிப்பது, அந்த அரை நொடியில் கூட்டாளியைக் கண்டுபிடிப்பது. ஹட்சன் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக முதல் வருஷம் 39 ஆட்டத்தில் 48 பாயிண்ட், இரண்டாவது வருஷம் 38 ஆட்டத்தில் 49 பாயிண்ட் எடுத்தார். டிஃபென்ஸ்மேனுக்கு இது மிகப் பெரிய கணக்கு. ஆனால் கணக்கைவிட எனக்கு நம்பிக்கை கொடுத்தது, அதில் பெரும்பகுதி நீலக்கோட்டில் (எதிரணியின் பகுதி தொடங்கும் கோட்டில்) நெருக்கடியில் நின்றபடி எடுத்தது என்பதுதான். அந்த வித்தையைப் பெரிய லீகுக்கும் அப்படியே எடுத்துப் போகலாம்.

இன்னொன்று. அமெரிக்கக் காலேஜ் ஹாக்கியில் பதினெட்டு வயசுப் பையனுக்கு எதிரே இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயசு ஆட்கள் நிற்பார்கள். ஜூனியரைவிட அது கொஞ்சம் கடினமான உரைகல். ஆனால் ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி மட்டும். வாரத்தின் மற்ற நாள் உடம்பைத் தேற்ற நேரம் கிடைக்கும். என்.எச்.எல்.லில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டம், நடுவில் விமானப் பயணம். ஜனவரி மாதம் வந்தால் முதல் வருஷப் பையன்கள் பலருடைய கால் கனத்துப்போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நேரே பெரிய லீகுக்குப் போகணுமா, ஏ.எச்.எல்.லில் ஒரு வருஷம் இருக்கணுமா?

பையன் எங்கிருந்து வருகிறான் என்பதைப் பொறுத்தது. பலருக்கு இந்த விதி தெரிவதில்லை, தெரியாமலே சண்டை போடுகிறார்கள்.

ஏ.எச்.எல். என்பது என்.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழே இருக்கும் லீக். ஒவ்வொரு பெரிய அணிக்கும் அங்கே ஒரு துணை அணி உண்டு, மான்ட்ரியலுக்குப் பக்கத்து ஊரான லவாலில். காலேஜிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வரும் பையனை எப்போது வேண்டுமானாலும் அங்கே அனுப்பலாம். ஆனால் கனடிய ஜூனியர் லீகுகளிலிருந்து டிராஃப்ட் ஆன பையனுக்கு அந்த வழி ரொம்பக் காலமாக மூடியிருந்தது. இருபது வயசு ஆகும்வரை ஒன்று பெரிய அணியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லை ஜூனியருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நடுப்படி கிடையாது. ஜூனியரை ஏற்கெனவே தாண்டிவிட்ட, பெரிய லீகுக்கு இன்னும் உடம்பு தேறாத பத்தொன்பது வயசுப் பையனுக்கு இது பெரிய அநியாயம், அதிலும் குட்டையான பையன்கள்தான் அதிகமாக மாட்டிக்கொண்டார்கள். 2026-27 சீசனிலிருந்து நடைமுறைக்கு வரும் புதிய தொழிலாளர் ஒப்பந்தத்தில், அணிக்கு ஒரு பத்தொன்பது வயசுப் பையனை ஏ.எச்.எல்.லுக்கு அனுப்ப வழி செய்வதாக என்.எச்.எல்.லும் வீரர் சங்கமும் ஒத்துக்கொண்டிருக்கின்றன. அணிக்கு ஒருவர் என்பது குறைவுதான், ஆனாலும் எனக்கு இது மனசார சந்தோஷம்.

நடுப்படி எவ்வளவு உதவும் என்பதற்கு லோகன் ஸ்டான்கோவன் நல்ல உதாரணம். 5 அடி 8 அங்குலம், டல்லாஸ் 2021இல் 47ஆவதாக எடுத்த பையன். 2022இல் கனடிய ஜூனியரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். அப்போதும் அவசரப்படாமல், வயசு வந்ததும் 2023-24இல் ஏ.எச்.எல்.லில் ஆட விட்டார்கள். 47 ஆட்டத்தில் 57 பாயிண்ட். பிப்ரவரியில் மேலே கூப்பிட்டார்கள், மிச்சமிருந்த 24 ஆட்டத்தில் 14 பாயிண்ட் எடுத்தார். வரும்போதே பழகின ஆள் மாதிரி வந்தார்.

அதற்காக எல்லாரையும் ஏ.எச்.எல்.லில் ஊறப்போட வேண்டும் என்றில்லை. பஃபலோ 2023இல் 13ஆவதாக எடுத்த ஸாக் பென்சன், 5 அடி 9 அங்குலம், அதே வருஷம் பதினெட்டு வயசில் நேரே அணிக்குள் வந்து 71 ஆட்டத்தில் 30 பாயிண்ட் எடுத்தார். விரட்டிப் பறிக்கிற குணம் அவரிடம் இருந்தது, பக் இல்லாத நேரத்திலும் பயன்பட்டார். கோல் வராத வாரங்களிலும் கோச்சுக்கு அவரை வைத்துக்கொள்ள ஒரு காரணம் இருந்தது.

'ஒன்பது ஆட்டம் பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள்' என்கிறார்களே, அது என்ன?

பதினெட்டு, பத்தொன்பது வயசில் முதல் ஒப்பந்தம் போட்ட பையன் ஒரு சீசனில் 10 என்.எச்.எல். ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால், அந்த ஒப்பந்தத்தின் வருஷம் கணக்கில் வராது, ஒரு வருஷம் தள்ளிப்போகும். அதனால் 9 ஆட்டம் வரை ஆட விட்டுப் பார்ப்பார்கள். பணக் கணக்குதான், பையன் தயாரா என்பதற்கு அது அளவுகோல் இல்லை.

காஃபீல்டுக்கு என்ன நடந்தது? ஒரே வருஷத்தில் இரண்டு ஆளாகத் தெரிந்தாரே?

கனேடியன்ஸ் விங்கர் (ஓரத்தில் ஆடும் ஃபார்வர்ட்) கோல் காஃபீல்ட். 5 அடி 8 அங்குலத்தைத் தொடுவதே கஷ்டம். 2019இல் 15ஆவதாக எடுத்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2020-21இல் 31 ஆட்டத்தில் 30 கோல், காலேஜ் ஹாக்கியின் மிகப் பெரிய விருதான ஹோபி பேக்கர் விருது. அந்த வசந்த காலத்திலேயே மான்ட்ரியலுக்கு வந்து, சீசனுக்குப் பிறகு நடக்கும் பிளேஆஃப்பில், லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று வரைக்கும் அணியோடு போனார். ஊரே கொண்டாடியது. தயாரா என்ற கேள்வியே முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

அடுத்த சீசனில் முதல் 30 ஆட்டத்தில் அவர் போட்டது ஒரே ஒரு கோல். நடுவில் லவாலுக்கும் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்கள். "குட்டைப் பையன், கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று பேச ஆரம்பித்தார்கள். நானும் கவலைப்பட்டேன். 2022 பிப்ரவரியில் கோச்சை மாற்றி மார்ட்டின் சேன் லூயியைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு காஃபீல்ட் ஆடிய 37 ஆட்டத்தில் 22 கோல்.

அதே உயரம், அதே எடை, அதே கை, அதே சீசன். 30 ஆட்டத்தில் 1, பிறகு 37 ஆட்டத்தில் 22. இடையில் மாறியது அவரை எங்கே நிறுத்துகிறார்கள், என்ன சொல்லி அனுப்புகிறார்கள் என்பதுதான். முன்பு இருந்த கோச் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த வருஷம் அணியே சரிந்து கிடந்தது, காயம்பட்டவர்கள் பட்டியல் நீளம். ஆனால் குட்டையான ஆளின் ஆட்டம் உள்ளிருந்து எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்றது பெரிய வித்தியாசம்.

சேன் லூயிக்கு அது எப்படித் தெரியும்?

அவரும் 5 அடி 8 அங்குலம்தான். அவரை டிராஃப்ட்டில் எந்த அணியுமே எடுக்கவில்லை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் ஆடி, கால்கரியில் ஒப்பந்தம் கிடைத்து, அங்கேயும் பெரும்பாலும் நான்காவது வரிசையில் தடுப்பு வேலை. 2000இல் கால்கரி அவரை விட்டுவிட்டது. டாம்பா பே எடுத்துக்கொண்டது. 2003-04இல் லீகிலேயே அதிக பாயிண்ட், 94. அதே வருஷம் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது, அதே வருஷம் ஸ்டான்லி கோப்பை. அப்புறம் 2012-13இல் முப்பத்தேழு வயசில் மறுபடி லீகில் முதலிடம். 2018இல் ஹாக்கியின் புகழ் மன்றத்தில் இடம்.

கால்கரியில் அவர் தயாராக இல்லையா? அவருக்கு அப்போதே இருபத்துநான்கு வயசு. ஆள் அதே ஆள். இடம்தான் இல்லை.

பெரிய உடம்புக்காரன் என்றால் பதினெட்டிலேயே தயாரா?

மேலே சொன்ன ஸ்லாஃப்கோவ்ஸ்கியையே பாருங்கள். டிராஃப்ட்டில் முதல் ஆள், மலை மாதிரி உடம்பு, பதினெட்டு வயசிலேயே அணியில் வைத்துக்கொண்டார்கள். 39 ஆட்டத்தில் 10 பாயிண்ட், நடுவிலேயே முழங்கால் காயம், சீசன் முடிந்தது. தலையை நிமிர்த்தாமல் பக்கைப் பார்த்துக்கொண்டே ஓடி நல்ல இடிகள் பல வாங்கினார். அடுத்த வருஷம் 20 கோல், 50 பாயிண்ட். அவருக்குக் காத்திருக்க எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், யாரும் டாக்டர் சீட்டு கேட்கவில்லை. காத்திருந்தது சரிதான். அதே பொறுமை 62ஆவது ஆளுக்கும் கிடைக்கணும் என்பதுதான் என் வாதம்.

டிஃபென்ஸ்மேன் குட்டையாக இருந்தால் இன்னும் மோசம் இல்லையா?

கஷ்டம் கூடுதல் என்பது உண்மை. விங்கர் குட்டையாக இருந்தால் ஓரமாக நழுவிப் போகலாம். டிஃபென்ஸ்மேன் தன் கோலுக்கு முன்னால் நின்று, தன்னைவிட இருபது கிலோ கனமான ஆளை நகர்த்த வேண்டிய நேரம் வரும். அங்கே ஹட்சனும் சில நேரம் தோற்கிறார், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கணக்கை முழுசாகப் பார்க்கணும். பக் எதிரணியிடம் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேரம்தான் அந்தத் தள்ளுமுள்ளு. மூலையிலிருந்து முதல் பாஸிலேயே பக்கை வெளியே கொண்டுவந்துவிடும் ஆள், தள்ள வேண்டிய நேரத்தையே குறைத்துவிடுகிறார்.

கூட நிற்கும் ஆளும் முக்கியம். இப்படிப்பட்ட பையனுக்கு ஜோடியாக, கோல் முன்னால் நின்று பிடிக்கத் தெரிந்த நிதானமான ஆளைப் போட வேண்டும். இரண்டு சாகசக்காரர்களைச் சேர்த்துப் போட்டுவிட்டு, எதிரணி கோல் போட்டதும் குட்டையானவனை மட்டும் திட்டுவது எங்கள் ஊரில்கூட நடக்கிற விஷயம்தான்.

எடை ஏற்றணுமா?

ஏற்றணும், மெதுவாக. ஒரே கோடையில் எட்டு, பத்து கிலோ ஏற்றிக்கொண்டு வந்த பையன்களுக்கு முதல் மூன்று தப்படியில் வெடித்துக் கிளம்பும் வேகம் போய்விடும். அந்த வேகம்தான் அவர்களுடைய மூலதனம். கால், இடுப்பு, முதுகு பலம்தான் பயன்படும், கை தடிமன் இல்லை. பலகையோரம் குனிந்து நிற்கும்போது குட்டையான ஆளுக்கு ஒரு சாதகம்கூட இருக்கிறது. எடை கீழே இருப்பதால் தள்ளுவது கஷ்டம். என்.எச்.எல். விங்கர் பிராட் மார்ஷண்ட் 5 அடி 9 அங்குலம், அவரை பலகையிலிருந்து பிரித்து எடுத்துப் பாருங்கள்.

பழைய காலத்தில் இவர்களால் ஆடியிருக்க முடியுமா?

சிலர் ஆடினார்கள். தியோ ஃப்ளூரி 5 அடி 6 அங்குலம், 1987 டிராஃப்ட்டில் 166ஆவது, 1989இல் கால்கரியோடு ஸ்டான்லி கோப்பை. ஆனால் அவர்கள் விதிவிலக்கு. 2004-05 சீசன் முழுக்கச் சம்பளத் தகராறில் ரத்தாகி, அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது விதிகளை இறுக்கினார்கள். ஸ்டிக்கால் இடுப்பில் கொக்கி போட்டு இழுப்பது, கையால் பிடித்து நிறுத்துவது எல்லாவற்றுக்கும் தண்டனை. இரண்டு கோடு தாண்டிப் பாஸ் கொடுக்கக்கூடாது என்ற தடையும் போனது. 2010-11இல் பார்க்காத பக்கத்திலிருந்து தலையில் இடிப்பதற்குத் தனி விதி வந்தது. 2004-05க்கு முன்பு ஒரு வேகமான குட்டைப் பையனை ஸ்டிக்கால் இழுத்தே அடக்கிவிட முடிந்தது, இப்போது அப்படிச் செய்தால் இரண்டு நிமிஷம் பெட்டியில் உட்கார வேண்டும், அந்த இரண்டு நிமிஷம் அதே பையன் பவர் பிளேயில் வந்து கோல் போடுவான்.

முதல் பத்து ஆட்டத்தில் ஒன்றும் செய்யவில்லை என்றால் தயாரில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஜானி கோட்ரோ 2014-15இல் கால்கரியில் முதல் 5 ஆட்டத்தில் ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை, ஓர் ஆட்டத்தில் வெளியே உட்கார வைத்தார்கள். 2011இல் 104ஆவதாக எடுக்கப்பட்ட, பாஸ்டன் காலேஜில் மூன்று வருஷம் பொறுமையாக ஆடி, கடைசி வருஷம் 40 ஆட்டத்தில் 80 பாயிண்ட் எடுத்துவிட்டு வந்தவர். அந்தச் சீசன் முடியும்போது 80 ஆட்டத்தில் 64 பாயிண்ட். 2021-22இல் 115. அவர் காலத்துக் குட்டைப் பையன்கள் எல்லாருக்கும் அவர்தான் வழிகாட்டி.

2024 ஆகஸ்ட்டில் சைக்கிளில் போகும்போது கார் மோதி அவரும் தம்பி மாத்யூவும் இறந்துபோனார்கள். காஃபீல்ட் தன் சட்டை எண்ணை 22இலிருந்து கோட்ரோவின் 13ஆக மாற்றிக்கொண்டார். பெல் சென்டரில் அந்த எண்ணைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கடைசியில் ஹட்சன் தயாராகத்தான் இருந்தாரா?

2024 ஏப்ரலில் காலேஜ் சீசன் முடிந்த சில நாளில் ஒப்பந்தம் போட்டு, கடைசி 2 ஆட்டத்தில் ஆடினார், 2 அசிஸ்ட். அடுத்த சீசன் 2024-25இல் ஏ.எச்.எல்.லுக்கே போகாமல் 82 ஆட்டம், 6 கோல், 60 அசிஸ்ட், 66 பாயிண்ட். அறிமுக வருஷத்தில் ஒரு டிஃபென்ஸ்மேன் எடுத்த அதிக அசிஸ்ட் என்ற லாரி மர்ஃபியின் 1980-81 சாதனையைச் சமன் செய்தார். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை கிடைத்தது. கனேடியன்ஸ் அணியில் கென் டிரைடனுக்குப் பிறகு, அதாவது 1971-72க்குப் பிறகு, அதை வாங்கிய முதல் ஆள். 2025 அக்டோபரில் எட்டு வருஷத்துக்கு 7 கோடியே 8 லட்சம் டாலர் ஒப்பந்தம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். ஆட்டத்துக்குச் சராசரியாக 22 நிமிஷத்துக்கு மேல் ஐஸில் இருந்தார். நீலக்கோட்டில் பக்கை இழந்து எதிரணி ஓடிப்போன இரவுகளும் இருந்தன, அடுத்த ஷிஃப்ட்டில் அவரை மறுபடி அனுப்பினார்கள். வேறு அணியில் 13 நிமிஷம் கொடுத்து, ஒரு தப்புக்கு உட்கார வைத்திருந்தால் "பார், இன்னும் தயாரில்லை" என்று எழுதியிருப்பார்கள், அதையும் நாம் நம்பியிருப்போம்.

என் பிள்ளை டீமிலேயே குட்டை. விட்டுவிடலாமா?

வேண்டாம். கனடாவில் உடம்பால் இடிக்கும் ஆட்டம் பதின்மூன்று வயசிலிருந்துதான், அதுவும் பெரும்பாலும் போட்டிப் பிரிவுகளில். 2013இல் அதற்குக் கீழே உள்ள வயசுக்குத் தடை செய்துவிட்டார்கள். அதுவரைக்கும் கிடைக்கும் வருஷங்கள் முழுக்க உங்கள் பிள்ளைக்குக் காலையும் கையையும் பழக்கும் வருஷங்கள். காலை ஆறு மணி ஐஸ் நேரத்தில் பெற்றோர் வரிசையில் காபியோடு நிற்கும்போது, "இவன் எப்போ வளருவான்" என்று அவன் காதுபடப் பேசாதீர்கள், இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். ஒருமுறை தேர்வு ஆட்டம் முடிந்து ஒரு பயிற்சியாளர் எங்கள் பக்கத்துவீட்டுப் பையனிடம் "அடுத்த வருஷம் பெரிசாகி வா" என்று சொல்லி அனுப்பினார். பத்து வயசுப் பையன் காரில் வீடு வரும்வரை பேசவே இல்லை. அவனால் செய்ய முடியாத ஒன்றை அவனுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? பக்கைத் தொடும் முன்னால் இரண்டு தடவை தோளுக்கு மேலே பார்க்கச் சொல்லிக் கொடுங்கள், அதை அவனால் நாளைக்கே செய்ய முடியும்.

ஆட்டத்துக்குப் போகிறோம். இப்படி ஒரு பையனைப் பார்க்க எங்கே உட்காரலாம்?

ஒரே ஒரு தடவை போவதென்றால் மேல் அடுக்கு, மூலைப் பக்கம். டிக்கெட்டும் கீழ் வரிசையைவிடக் குறைவாக இருக்கும், பத்துப் பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று முழுசாகத் தெரியும். பக்கைத் துரத்தாதீர்கள், பையனையே பாருங்கள். பக் அவனிடம் வரும் முன்னால் தலை எத்தனை தடவை திரும்புகிறது, பக்கை இழந்த பிறகு எவ்வளவு வேகமாகத் திரும்பி ஓடுகிறான், இடி வாங்கி விழுந்த பிறகு அடுத்த தடவையும் அதே மூலைக்குப் போகிறானா. அப்புறம் அவன் தப்பு செய்ததும் ஒரு நிமிஷம் கண்ணை பெஞ்ச் பக்கம் திருப்புங்கள். கோச் குனிந்து அவன் தோளைத் தட்டி மறுபடி அனுப்புகிறாரா என்று பாருங்கள்.